மூட்டு அறுவையும் வலி தணித்தலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தில்லியில் நம் குடியிருப்பில் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டோர் இன்று பலர் உளர். மருத்துவத் தொழிலில் உள்ள நாங்கள் அவர்களிடம் கண்ட குறை ஒன்றே: வலியைச் சொல்லாமை.

சென்ற ஆண்டு ஓர் அம்மையார், அறுவையன்று செவிலியர் இந்தியில் கேட்டபோதெல்லாம் "டீக் ஹை" என்றே விடையளித்தார். அதற்குமேல் அவருக்கு இந்தி வராது. வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார், பொறுத்துக்கொள்வதே பெருமை என வளர்ந்த தலைமுறை! நள்ளிரவில் தாங்க இயலாது அழுதார். மார்பின் ஊசி போட்டனர். வலி தணிந்தது; ஆனால் மறுநாள் முழுவதும் குமட்டலும் கிறக்கமுமாய்க் கிடந்தார். எழுந்து நடக்கவேண்டிய நாள் வீணாயிற்று.

மார்பின், டிரமடால் முதலிய அபினி இன மருந்துகளை நாங்கள் பழிக்கவில்லை. கடும் வலிக்கு அவை வேண்டும். ஆயினும் மலச்சிக்கல், முதியோர் தடுமாறி வீழ்தல், மூச்சு மந்தமாதல், நெடுநாள் உட்கொண்டால் பழக்கம் பற்றிக்கொள்ளுதல் என அவற்றால் வரும் தீங்கும் பெரிது. டிரமடாலை 2018-ஆம் ஆண்டில் நம் அரசினர் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தனர்.

இந்நாளில் வேறு வழிகள் உண்டு. தொடையிலுள்ள உணர்ச்சி நரம்பின் அருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவர். தசையின் வலிமை பெரும்பாலும் குன்றாமையால் அன்றோ மறுநாளோ நடக்கலாம். மூட்டைச் சுற்றியும் அறுவையின்போதே ஊசியிடுவர். பின்னர்ப் பாரசிட்டமால், அதுவும் வலி மிகுந்த பின்னர் அன்று, மருத்துவர் குறித்த அளவில், மணி தவறாமல். சிறுநீரகமும் வயிறும் இடந்தந்தால் வீக்கம் தணிக்கும் மாத்திரை. துணியில் சுற்றிய பனிக்கட்டி. இவை யாவும் சேர்ந்தால் அபினி மருந்து பலருக்குச் சில நாட்களே தேவைப்படும். இதமாயிருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கும் அன்பு மகள்கள் தயைகூர்ந்து அதனை எடுத்துவிடுக. கால் முழுதும் நீளாமற் போய்விடும்.

இத்தனைக்கும் நோயாளி வாய்திறக்க வேண்டும். மொழி தடையன்று. வலியின்மை பூச்சியம், தாங்கொணா வலி 10 என விரல்களாலேயே காட்டலாம். எத்தகைய வலி என்பதும் மருத்துவருக்குப் பயன்படும். கெண்டைக்காலில் புதிதாய் வலியும் வீக்கமும் கண்டாலும், மூச்சுத் திணறினாலும், நள்ளிரவாயினும் உடனே சொல்லுங்கள், குருதி உறைந்திருக்கக்கூடும்.

எரிச்சலுக்கு 'ஜலன்', வீக்கத்துக்கு 'சூஜன்' என்றவாறு வேண்டிய இந்திச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிச் சங்கப் படிப்பக மேசையில் வைத்திருக்கிறோம். மருத்துவமனை செல்வோர் ஒரு தாள் எடுத்துச் செல்லலாம்.