மணலில் எழுதிய விரல்



எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்கத் தலைமையுரை ஆற்றுவது எனக்குக் கிடைத்த பேறு. நேற்றிரவு இந்தத் தாளை மூன்று முறை திருத்தினேன். இன்னும் மனம் நிறையவில்லை. சொல்லில் பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள். கருத்தில் பிழை இருந்தால் எழுந்து நின்று கேளுங்கள்.

மாநாட்டின் பொருள் ‘பள்ளிக் கற்றலில் தொழில்வழிச் சிகிச்சை’. உட்காரும் விதம், சத்தம் மிகுந்த வகுப்பில் கவனம், டிபன் பாக்ஸ் திறப்பது, கழிப்பறைக்குத் தனியே போய் வருவது என்று அதன் பரப்பு உங்களுக்குத் தெரிந்ததே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோது கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றது. உடல் அசைவுகளை ஒருங்கிணைக்கத் தடுமாறும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்தாறு பேர் என்று கணித்திருக்கிறார்கள். அவர்களுடைய சிக்கலுக்கு அந்தப் பட்டியலில் தனிப் பெயர் கிடையாது. சட்டத்தைப் பற்றி அமர்வுகளில் விரிவாகப் பேசுவீர்கள். நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு நான் வருகிறேன். அது கையெழுத்து.

மெக்ஹேல், செர்மாக் இருவரும் 1992இல் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். பள்ளி நாளில் 31 முதல் 60 விழுக்காடு நேரம் விரல்வேலையில் போயிற்று. அதில் பெரும்பகுதி எழுத்துவேலை. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் ‘அஞ்சு தடவை எழுதிட்டு வா’ என்பதும் வழக்கமான நம் வகுப்புகளில் இது குறையாது என்பது என் அனுபவம். கை ஒத்துழைக்காத பிள்ளைக்குக் கையெழுத்து மட்டுமா போகிறது? கவனம் முழுவதும் எழுத்தின் வடிவத்திலேயே செலவாகிவிடுவதால் பாடமும் போய்விடுகிறது.

அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்? அறைக்கு அழைத்துவந்து ஊஞ்சலில் ஆட்டுகிறோம், பெரிய பந்தில் படுக்கவைக்கிறோம், அரிசித் தட்டில் கையளைய விடுகிறோம். ஜீன் ஆயர்ஸ் அம்மையாரின் 1972ஆம் ஆண்டு நூலைப் படித்துத்தான் நானும் இந்தத் துறையைக் காதலித்தேன். புலன்களின் ஒருங்கிணைப்பை அவர் கற்றலோடு சேர்த்துப் பார்த்தது பெரிய திறப்பு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் ஷாஃப் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பலனைக் காட்டியதையும் நான் மறைக்கவில்லை. கையெழுத்துக்கு இந்தப் புலன் பயிற்சி மருந்தா என்பதே என் கேள்வி. டென்டன் குழுவினர் 2006இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுதிப் பழகிய பிள்ளைகள் ஓரளவு முன்னேறினார்கள். புலன்-இயக்கப் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் கையெழுத்து சற்றுப் பின்னுக்குப் போயிருந்தது. 2011இல் ஹோய், ஈகன், ஃபெடர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எழுத்துப் பயிற்சி இல்லாத சிகிச்சையாலும் இருபது அமர்வுக்குக் குறைந்த பயிற்சியாலும் பயன் இல்லை என்று முடிவுசெய்தார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நான் இதைச் சொன்னபோது மூத்தவர் ஒருவர் எழுந்தார். “அப்படியானால் நமக்கும் டியூஷன் வாத்தியாருக்கும் என்ன வித்தியாசம்?” என்றார். அரங்கம் கைதட்டியது. அன்று எனக்குப் பதில் தோன்றவில்லை. அவர்மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. அந்த மதிப்போடுதான் இப்போது பதில் சொல்கிறேன்.

டியூஷன் வாத்தியார் இன்னும் பத்து வரி எழுதச் சொல்வார். நாம் அந்தப் பத்து வரி எந்த இடத்தில் முறிகிறது என்று பார்க்கிறோம். தோளிலா, மணிக்கட்டிலா, உட்காரும் தரையிலா, எழுத்தின் வரிசையிலா? தமிழில் இந்தக் கேள்விக்குத் தனி ஆழம் உண்டு. ரெண்டு சுழி ‘ன’வும் மூணு சுழி ‘ண’வும் சுழியின் எண்ணிக்கையில்தான் வேறுபடுகின்றன. ‘கெ’ என்று காதில் விழும்போது ககரம் முன்னே கேட்கிறது. கை முதலில் எழுத வேண்டியதோ கொம்பு. ‘கொ’ என்றால் முன்னே கொம்பு, பின்னே கால். ஆங்கில எழுத்துக்காக உருவான தேர்வுத்தாளை வைத்து இந்தத் தடுமாற்றத்தை அளக்க முடியாது. தமிழ்ப் பிள்ளையின் சுழிக்கும் கொம்புக்கும் நாம் இன்னும் ஒரு முறையான அளவுகோலைப் பரவலாகப் புழக்கத்தில் கொண்டுவரவில்லை. நம் எல்லோருடைய குறை இது.

எழுதக் கற்பிப்பதைப் பற்றி, நம் துறையில் யாரும் எடுத்துப் பேசாத ஒரு பத்தி பழைய அறிக்கை ஒன்றில் இருக்கிறது. பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டு சென்னை ஆளுநர் மன்றோ 1822இல் ஆணையிட்டார். பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823இல் அறிக்கை அனுப்பினார். வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983இல் தம் நூலில் அதை வெளியிட்ட பிறகு, அன்று எத்தனை பள்ளிகள் இருந்தன, யார் படித்தார்கள் என்றே எல்லோரும் வாதிட்டார்கள். காம்ப்பெல் வேறொன்றும் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் எழுத்தை உச்சரித்துத் தொடங்குவதுபோல் இங்கே தொடங்குவதில்லையாம். பிள்ளை முதலில் விரலால் மணலில் எழுதும். விரல் தேர்ந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும், அல்லது காகிதமும் நாணல் பேனாவும் கைக்கு வரும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். எழுத்தின் வடிவம் ஒரு கஷ்டம், கருவியைப் பிடிப்பது இன்னொரு கஷ்டம். இரண்டையும் ஒரே நாளில் பிள்ளையின் தலையில் ஏற்றவில்லை. நாம் எல்.கே.ஜி.யிலேயே பென்சில், பிடி, வடிவம், கோடு, வேகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். மணல்தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது அப்படித்தான்.

திண்ணைப் பள்ளியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார முடியவில்லை, பெண் குழந்தைகள் அரிது, பிரம்படி உண்டு. அந்த வேலையின் வரிசையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அங்கே மணல், கையளைந்து இன்புறுவதற்கு வைத்த பொருளாக இருக்கவில்லை. எழுதியது உடனே தெரியும், தவறு உடனே அழியும், மறுபடி எழுதலாம். இன்று அதே மணல் ‘சென்சரி கிட்’ என்ற பெயரில் கடைக்கு வந்திருக்கிறது. அதில் எழுத்து இல்லை.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை ஆறு மாதம் நானே ஊஞ்சலில் ஆட்டினேன். எழுத்து மாறவில்லை. பிறகுதான் அவன் வகுப்புக்குப் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நோட்டு தரையில் கிடந்தது. குனிந்த உடம்பை இடக்கையால் தாங்கியிருந்தான். நோட்டைப் பிடிக்கக் கை இல்லை. ‘ண’வை ஒவ்வொரு முறையும் ஒவ்வோரிடத்தில் தொடங்கினான். ஆறு மாதமும் என் அறையில் இவை என் கண்ணில் படவே இல்லை. தலைமையாசிரியர் தம் வீட்டுப் பரணிலிருந்து பழைய கணக்குப்பிள்ளை மேசை ஒன்றைக் கொண்டுவந்தார். இடக்கை விடுபட்டது. சுழியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலில், பிறகு சிலேட்டில், பிறகு ரெண்டு கோடு நோட்டில் எழுதவைத்தது வகுப்பு டீச்சர்தான். நான் வாரம் ஒரு முறை போய்ப் பார்த்தேன். எழுத்து அழகாகிவிடவில்லை. ஆனால் மூன்று மாதத்தில், கரும்பலகையில் இருப்பதை மணி அடிப்பதற்குள் எழுதி முடித்தான்.

அதனால்தான் நம் மாணவர்களின் பயிற்சிக் காலத்தில் பாதியைப் பள்ளி வகுப்பறையில் கழிக்கச் செய்ய வேண்டும் என்று நாளைய பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும்.

காம்ப்பெலின் பத்தியைப் படியெடுத்து உங்கள் பைகளில் வைத்திருக்கிறேன். பிற்பகலில் மணல்தட்டைப் பற்றிக் கட்டுரை வாசிக்க இருக்கும் இளையவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: அந்த மணலில் பிள்ளை எந்த எழுத்தை எழுதியது, எத்தனை முறை எழுதியது, தவறியபோது பக்கத்தில் இருந்தது யார்? விடையோடு வாருங்கள். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.