செங்காந்தளில் காய்ப்பிடிப்பும் விதை மகசூலும்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேருக்காகவும் இலைக்காகவும் வளர்க்கும் மூலிகைகளில் பூ உதிர்ந்தால் பெரிய நட்டமில்லை. ஆனால், கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்லும் செங்காந்தளில் காசு தருவது விதையே. அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் மூட்டு நோய் மருந்துக்குப் பயன்படுகிறது. பூ காயாகாவிட்டால், ஆடியில் நட்ட கிழங்கின் விலையும் கொடி படர அமைத்த கம்பிப் பந்தலின் செலவும் வீண்தான்.

தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் இப்பயிரைச் செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். பூ கொத்துக் கொத்தாக இருக்கும். காய் அந்த அளவுக்கு இராது. உரக்குறை மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பூவின் அமைப்பைப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் பூவில் 6 இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். 6 மகரந்தத் தாள்களும் வெளிப்புறமாக விரிந்திருக்கும். சூல்தண்டோ அடியிலேயே ஏறக்குறையச் செங்கோணமாக வளைந்து ஒரு பக்கமாக நீண்டிருக்கும். ஆகவே, மகரந்தம் தானாகச் சூல்முடியில் சேர்வது அரிது. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் உரசிச் சென்றால் சேரும். தேனீ சிறியது, சூல்முடியைத் தொடாமலே தேனை எடுத்துப் போய்விடுவதும் உண்டு.

எனவேதான் கையால் மகரந்தம் சேர்க்கிறோம். காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் தொடங்கி 11 மணிக்குள் முடித்துவிட வேண்டும். மகரந்தப்பை வெடித்து மஞ்சள் தூள் தெரியும் பூவில் மென்மையான தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, வேறொரு செடியின் பூவில் 3 பிளவாக உள்ள சூல்முடியின் நுனியில் மெதுவாகத் தடவ வேண்டும். அழுத்தினால் சூல்தண்டு ஒடியும். நாள்தோறும் புதுப்பூ மலர்வதால், பூக்கும் பருவம் முழுவதும் இவ்வேலை நடைபெற வேண்டும். மழை பெய்தால் பூ உலர்ந்த பிறகே தொடங்குங்கள். நனைந்த மகரந்தம் பயன்படாது.

கூலி கட்டுமா என்று கேட்பீர்கள். ஒரு வரிசையை மட்டும் தொடாமல் விடுங்கள். அதில் 100 பூவுக்கு எத்தனை காய், மற்ற வரிசையில் எத்தனை காய் என்று எண்ணுங்கள். உங்கள் வயலே விடை சொல்லும்.

பூக்கும் காலத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். புழுத் தாக்குதல் மிகுந்து, தெளித்தே ஆக வேண்டுமானால் மாலையில் தெளியுங்கள்.

காய்த்தோல் சுருங்கத் தொடங்கியதும் பறித்து, நிழலில் உலர்த்துங்கள். காய் வெடித்ததும் செந்நிற விதைகளைப் பிரித்து மீண்டும் நிழலிலேயே காய வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இச்செடியின் கிழங்கு, விதை உட்பட எல்லாப் பாகமும் நஞ்சு. உயிரையே பறிக்கக் கூடியது. விதை பிரித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்க வேண்டாம். நட எடுத்து வைத்த கிழங்கைச் சமையல் கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். விதை உலரும் இடத்தில் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விடாதீர்கள். தூரிகை பிடிப்பவர்களும் விதை பிரிப்பவர்களும் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களே. இந்த எச்சரிக்கையை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.