கணினியின் பயோஸைப் புதுப்பித்தல்



கணினியின் ஆளியை அழுத்தியதும், அதனை ஆக்கிய நிறுவனத்தின் சின்னம் திரையிலே தோன்றி மறைவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அச்சில விநாடிகளுள் நினைவகம் சரியாக உள்ளதா, விசைப்பலகை இணைக்கப்பட்டுள்ளதா, வன்தட்டு எங்கே என்றெல்லாம் ஆராய்ந்து, அதன் பின்னரே வின்டோஸ் போன்ற பணிசெயல் முறைமையை எழுப்பிவிடும் சிறிய செய்நிரல் ஒன்று உண்டு. அதனையே பயோஸ் என்பர்.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில் இச்செய்நிரலின் அளவு 8 கிலோபைற்று மாத்திரமே. அழிக்கவியலாச் சில்லிலே அது பதிக்கப்பட்டிருந்தது. மாற்றவேண்டின் சில்லையே மாற்றவேண்டும். பிற்காலத்தில் மீள எழுதத்தக்க சில்லுகள் வந்தன. வசதிதான், ஆயினும் 1999 ஏப்பிரல் 26 ஆம் நாள் சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் பல கணினிகளின் பயோஸை அழித்ததும் அவ்வசதியினாலேயே.

நான் கூற வந்தது என் அவசரத்தால் நேர்ந்த ஒன்றை. 2022 இல், மின்வெட்டு நாளாந்த வழக்கமாகியிருந்த காலம். எமது பாடசாலைக் கணினி ஒன்று, புதிதாய்ப் பொருத்திய நினைவகத்துடன் ஒத்துப்போகாது அடிக்கடி நின்றது. புதிய பயோஸில் அக்குறை நீக்கப்பட்டதாக, தாய்ப்பலகை நிறுவனத்தார் தம் குறிப்பில் எழுதியிருந்தனர். “நாளைக் காலையிற் செய்வோம், ஐயா” என்றார் கணினி ஆசிரியர். மின்வெட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் உண்டென்று நான் வற்புறுத்தினேன். மின்சாரம் அட்டவணையைப் பார்த்தா போகின்றது? எழுதுதல் பாதியில் நின்றது. மின்சாரம் மீண்டபோது விசிறி சுழன்றது, திரையில் ஒன்றுமில்லை. வன்தட்டிலிருந்த மாணவர் ஆக்கங்கள் தப்பின. சில்லைக் கழற்றித் தனிக்கருவியால் மீள எழுதுவிக்க இரண்டு வாரம் சென்றது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அதுவரை ஒரு கணினிக்கு மூவராய் அமர்ந்தனர்.

எனவே, புதிய பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக மாத்திரம் பயோஸைத் தொடாதீர்கள். குறைபாடொன்றோ பாதுகாப்புத் திருத்தமொன்றோ காரணமாயிருத்தல் வேண்டும். தாய்ப்பலகையின் பெயரோடு அதன் திருத்த எண்ணையும் பாருங்கள். பெயர் ஒன்றாயிருந்தும் எண் வேறாயின் கோப்பும் வேறாகலாம். கோப்பை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுக. பழைய அமைப்புகளைக் குறித்துவைத்தலும் நன்று. புதுப்பித்தபின் அவை தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு.

பிற்லொக்கர் என்னும் பூட்டு இயங்கும் கணினியாயின், அதனை முதலில் இடைநிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். இதனை மறந்தவர், பயோஸ் செவ்வனே புதுப்பிக்கப்பட்டும், தம் கோப்புகளுக்கு வெளியே நிற்க நேரிடலாம்.

மேசைக்கணினிக்கு யூ.பி.எஸ். வேண்டும். மடிக்கணினியாயின் மின்கலம் நிறைந்திருத்தலோடு மின்னேற்றியும் இணைந்திருக்கட்டும். வேலை நடக்கும்போது திரை இருளலாம். கணினி இருமுறை தானே மீளத் தொடங்கவும் கூடும். பதறி ஆளியைத் தொடவேண்டாம். சில தாய்ப்பலகைகளில் மாற்றுப் பயோஸ் சில்லொன்றும் உண்டு. உங்களுடையதில் உள்ளதா என்பதை முன்னரே கைந்நூலிற் பார்த்துக்கொள்வது நலம்.

எமது கணினி அறையில் இப்பொழுது யூ.பி.எஸ். ஒன்று இருக்கின்றது. அதன் மின்கலத்தைத் தவணைக்கொருமுறை பரிசோதிப்பவர் அதே ஆசிரியர்தான். நாள் குறிப்பதும் அவரே.