தூணுக்கு ஒரு பட்டை

2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்துல, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றில் தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங். சுவர்த் துணை இல்லாத தூண்கள் தாங்கவில்லை.

தூண் ஏன் உடையுது? ஆட்டத்துல கான்கிரீட் பக்கவாட்டில் பிதுங்கி வெடிக்கும். உள்ளே கம்பி வளைஞ்சிடும். கார்பன் இழைத் துணியை எபாக்ஸி பசையில் தோய்த்து தூணைச் சுற்றி ஒட்டினால், வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை மாதிரி இறுக்கிப் பிடிக்கும். எடையும் பெருசா கூடாது. 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு ஜப்பானில் பாலத் தூண்களுக்கு இதைச் செஞ்சாங்க.

2002-ல் சென்னையை நிலநடுக்க மண்டலம் 2-லிருந்து 3-க்கு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி கட்டின அடுக்குமாடிகளில் இன்னைக்கும் நம்ம மக்கள் குடியிருக்காங்க. துருப்பிடிச்ச கம்பியை மறைக்க இந்தத் துணியைச் சுத்தாதீங்க. முதல்ல கட்டமைப்புப் பொறியாளரிடம் தூணைக் காட்டுங்க.