மருந்தகக் கணிப்பொறியும் நமது கடமையும்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், வேலைக்குச் சென்ற நாள்களும் கொண்டுவந்த பாலின் எடையும் செக்ரோலில் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்க்கிறோம். பிழை இருந்தால் கிராணியிடம் கேட்கிறோம். அதே அக்கறை மருந்துப் பதிவின் மீதும் நமக்கு வேண்டும். செக்ரோலில் பெயர் மாறினால் சம்பளம் மாறும். மருந்தகத்தில் பெயர் மாறினால் உயிருக்கே கேடு நேரும்.

முற்காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நம் முகத்தையும் குடும்பத்தையும் நோயையும் அறிந்திருந்தார். இன்றோ, தஞ்சோங் காராங் மருத்துவமனையிலும் அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் நம்மைப் போன்று ஏராளமானோர் மருந்துக்குக் காத்திருக்கின்றனர். அத்தனை பேரையும் ஒருவர் நினைவில் வைத்திருத்தல் இயலாது. அந்தப் பணியைத்தான் கணிப்பொறி ஏற்றுள்ளது.

நமது மாநிலத்தின் செலாயாங் மருத்துவமனை, 1999-ஆம் ஆண்டு தொடங்கியபோதே காகிதக் கோப்புகளை விடுத்துக் கணிப்பொறிப் பதிவை மேற்கொண்டது. பின்னர், 'ஃபிஸ்' எனப்படும் மருந்தகத் தகவல் முறையைச் சுகாதார அமைச்சு ஏற்படுத்திற்று. எவருக்கு எம்மருந்து, எந்த அளவு, அடுத்து என்று தரவேண்டும், எது ஒவ்வாது என்பன அதில் பதிவாகின்றன. மருந்தகத்தின் கையிருப்பும் காலாவதி நாளும் அதனால் தெரியவருகின்றன.

அமெரிக்காவின் டொபீக்கா நகரத்துத் தாதியான ஸூ கின்னிக், 1992-ஆம் ஆண்டு வாடகைக் காரைத் திருப்பித் தரும்போது, அதன் கோட்டுக் குறியை ஊழியர் கருவியால் படிப்பதைக் கண்டார். நோயாளியின் கைப்பட்டையிலும் மருந்திலும் இத்தகைய குறி இருந்தால், ஆள் மாறி மருந்து கொடுப்பதைத் தடுக்கலாமே என்று எண்ணினார். அவ்வெண்ணம் பின்னர் நாடு தழுவிய முறையாக வளர்ந்தது.

நமக்கு அந்தக் கைப்பட்டை போன்றது அடையாள அட்டை எண்ணாகும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருக்கலாம். எண் ஒருவருக்கே உரியது. ஆகவே, பிறருக்காக மருந்து வாங்கச் செல்பவரும் நோயாளியின் எண்ணைச் சரியாகக் கூறவேண்டும்.

ஆயினும், சொல்லாததைக் கணிப்பொறி அறியாது. மாத்திரை வாங்கிய செய்தி பதிவில் இருக்கும்; அதை விழுங்கினோமா என்பது இராது. இனிப்பு நீர் நோயாளி ஒருவர் மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டால், மருந்து போதவில்லை என்று கருதி மருத்துவர் அளவைக் கூட்டக்கூடும். பிறகு அவர் அனைத்தையும் விழுங்கத் தொடங்கும் நாளில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கி விழ நேரலாம்.

மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பதிவு பெறாத சில மருந்துகளில், டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அது சர்க்கரையை உயர்த்தும். அதை உட்கொள்வதை நாம் மறைத்தால், எந்தக் கணிப்பொறியாலும் நம்மைக் காக்க இயலாது.

எனவே, உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, மருந்தாளரிடம் கூறுங்கள். விட்டுப்போன வேளைகளையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். ஒவ்வாமை அட்டை இருப்பின் உடன் கொண்டு செல்லுங்கள். அடுத்த வீட்டாருடைய மாத்திரையை உட்கொள்ளாதீர்கள்.

மேலும், பெரிய மருத்துவமனையில் பல மாத மருந்துச் சீட்டுப் பெறுவோர், எஞ்சிய மருந்தை அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலேயே பெற 'ஸ்புப்' என்னும் முறை உண்டு. மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பதிந்துகொண்டால், பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

நம் பெயரில் எழுதப்படும் கணக்கு எதுவாயினும், அது மெய்யாக இருப்பதில் நமக்கும் பங்குண்டு. சம்பளக் கணக்கில் காட்டும் விழிப்பை மருந்துக் கணக்கிலும் காட்டுவோமாக.