கேஸ் ஷீட்டில் எழுதும் வயது

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, பிள்ளைகளின் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்க வெகுதூரத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே!

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தீக்காய வார்டில் கழிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்ததும் அதுதான். ஆகவே இன்றும் அதைப் பற்றியே பேசுகிறேன். மருத்துவ ஆராய்ச்சி என்றதும் உங்களில் பலருக்குக் குளிரூட்டப்பட்ட ஆய்வுக்கூடமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கண்முன் வரும். தீக்காயத்தில் உயிர் காத்த ஆராய்ச்சிகள் பலவும் நோயாளியின் கட்டிலருகே, கேஸ் ஷீட்டில் ஒழுங்காக எழுதப்பட்ட வரிகளிலிருந்து வந்தவை. அந்த வரிகளை நாளை முதல் எழுதப் போகிறவர்கள் நீங்கள்.

டியூட்டி டாக்டராக நீங்கள் இருக்கும் ஓர் இரவில் 108 வண்டி வந்து நிற்கிறது. சாமி விளக்கு ஏற்றும்போது முந்தானையில் தீப்பிடித்த ஒரு பாட்டியை இறக்குகிறார்கள். எடை 50 கிலோ. உடம்பில் நூற்றுக்கு 30 பங்கு வெந்திருக்கிறது. டாலஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்த கணக்கு உங்களுக்கு மனப்பாடம்: 4 மில்லி, பெருக்கல் எடை, பெருக்கல் தீக்காய விழுக்காடு. மொத்தம் 6,000 மில்லி. அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பிடித்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. பாட்டி வந்து சேர 3 மணி நேரம் ஆகியிருந்தால் 3,000 மில்லியை ஏற்ற உங்கள் கையில் இருப்பது 5 மணி நேரம்தான். தீப்பிடித்த நேரத்தைக் கேட்டு எழுதாமல் வந்த நேரத்தை மட்டும் எழுதினால் கணக்கே தப்பு.

கணக்குச் சரியாக இருந்தாலும் பாட்டியின் இதயம் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. இருபது வயதுப் பையனுக்கு உயிர் கொடுக்கும் அதே டிரிப், முதியவரின் நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும். அதனால்தான் சூத்திரத்தோடு நிற்காமல் மணிக்கு மணி சிறுநீரை அளக்கச் சொல்கிறோம். இந்தப் பாட்டிக்கு மணிக்கு 25 மில்லி வந்தால் போதும். குறைந்தால் கூட்டுங்கள், மிகுந்தால் குறையுங்கள். இரவு முழுக்கக் கட்டிலருகே நின்று சிறுநீர் சேரும் பையைப் பார்க்கும் சிஸ்டரும் பயிற்சி மருத்துவரும் எழுதும் எண்களுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். நீங்களும் கொடுங்கள்.

இனி வயதுக்கு வருவோம். 1961-இல் பிரான்சைச் சேர்ந்த செர்ஜ் போ என்ற மருத்துவர் ஓர் எளிய கூட்டலைச் சொன்னார். நோயாளியின் வயதையும் வெந்த பரப்பின் விழுக்காட்டையும் கூட்டுங்கள். 100-ஐத் தொட்டால் பிழைப்பது அரிது. பாட்டிக்கு 70 வயது, காயம் 30. சரியாக 100. இந்த ஒரு கூட்டலை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டாரை ஓரமாக அழைத்து, எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிடும் வழக்கம் நம் வார்டுகளில் இன்னும் போகவில்லை.

அந்த 70 எங்கிருந்து வந்தது? அவசரத்தில் மகன் சொன்னது. "எழுபது இருக்கும் சார்." பிறந்த தேதி தெரியாத தலைமுறை அது. நம் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் முதியவர்களின் வயது 60, 65, 70 என்றே நிற்கும். 63, 67 என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பாட்டிக்கு உண்மையில் 62 என்றால் கூட்டல் 92 ஆகிவிடும். மூத்த பிள்ளைக்கு இப்போது என்ன வயது, கல்யாணமாகி எத்தனை வருடம் கழித்து அவன் பிறந்தான் என்று இரண்டு கேள்வி கேட்டால் உண்மையை ஒட்டி வந்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

அந்த 100 என்ற எல்லையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு தீக்காய மையத்தார் தங்கள் 27 ஆண்டுப் பதிவுகளை அலசி 2012-இல் வெளியிட்டார்கள். பிழைப்பதற்கும் இறப்பதற்கும் சம வாய்ப்பு இருக்கும் புள்ளி ஏறத்தாழ 110-க்கு நகர்ந்திருந்தது. சிகிச்சையால் பயனில்லை என்று சொல்லத்தக்க எல்லை 160 வரை போயிருந்தது. அங்கே இருக்கும் வசதி இங்கே எல்லா இடத்திலும் இல்லை, உண்மைதான். ஆனால் நம் வார்டுக்கான எண் என்ன என்பதை நம் பதிவுகளை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை 1961-இன் எண்ணைக் காட்டி ஒரு மூதாட்டியைக் கைவிடுவதை நான் மருத்துவம் என்று ஏற்க மாட்டேன்.

அந்த எல்லையை நகர்த்தியவர்களில் ஸோரா யான்ஷெகோவிச்சை நினைவில் வையுங்கள். அன்றைய யுகோஸ்லாவியாவில் மரிபோர் என்ற நகரத்து மருத்துவமனையின் அறுவை மருத்துவர். வெந்த தோல் தானாக அழுகி உதிரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தில், முதல் சில நாட்களிலேயே அதை மெல்லிய அடுக்குகளாகச் சீவி, ரத்தம் கசியும் நல்ல திசு தெரிந்ததும் நோயாளியின் தோலையே எடுத்து மூடினார். 1970-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் மெல்ல அந்த வழிக்கு வந்தது.

நம் நாட்டிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். டிரஸ்ஸிங் மாற்றும் நேரத்தில் தீக்காய வார்டுக்குள் நின்றிருக்கிறீர்களா? வாஸ்லின் தடவிய துணி காயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிஸ்டர் சலைனை ஊற்றி நனைத்து, ஓரத்திலிருந்து இழை இழையாகப் பிரிப்பார். புதிதாக முளைத்த தோலும் சில இடத்தில் கூடவே வரும். பிரித்த இடத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்க்கும். அடுத்த கட்டிலில் இருப்பவர் தன் முறைக்குக் காத்தபடி அந்த அலறலைக் கேட்டுக்கொண்டிருப்பார். மும்பை சயன் மருத்துவமனையில் மாதுரி கோரே என்ற அறுவை மருத்துவர் வாழை இலையைத் துணியோடு ஒட்டி, கிருமி நீக்கி, அந்த வாஸ்லின் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இலை வழவழப்பானது, காயத்தில் ஒட்டாது. பிரிக்கும்போது வலி வெகுவாகக் குறைந்தது. செலவோ சொற்பம். 2003-இல் தீக்காயத் துறையின் சர்வதேச இதழில் அது வெளிவந்தது.

வெந்த உடம்பை வாழை இலையில் கிடத்துவது நம் ஊர்களில் பழைய வழக்கம். காயத்தில் இட்லி மாவு பூசுவதும் பேனா மை ஊற்றுவதும் பற்பசை அப்புவதும்கூட நம் வழக்கம்தான். முன்னது நல்லது, பின்னவை கேடு. எது எது என்று பிரித்துக் காட்டியது பரிசோதனை. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டாலே காயத்தின் ஆழம் குறையும், 3 மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பயன் உண்டு. பனிக்கட்டி மட்டும் கூடாது. பெற்றோர்களே, இதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர்களே, வந்த நோயாளிக்கு என்ன பூசினார்கள், தண்ணீர் ஊற்றினார்களா என்பதையும் எழுதுங்கள்.

காரணம் என்ற கட்டத்தில் "ஸ்டவ் வெடித்தது" என்று எழுதிவிட்டு நகர்வது மிகச் சுலபம். எரிந்து வந்தவர் இளம் பெண்ணாக இருந்தால், கூட வந்தவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் மறுபடி கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அந்தத் தாள் நாளை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

தீயில்லாத காயங்களிலும் வயதின் கதை இதேதான். தமிழ்நாட்டு மக்களில் 60-ஐத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13-க்கு மேல். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்த தாத்தாவுக்கு பி.பி. 110 என்றால் நார்மல் என்று எழுதிவிடாதீர்கள். வழக்கமாக 160 இருப்பவருக்கு 110 என்பது உள்ளே ரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். அவர் விழுங்கும் பி.பி. மாத்திரை நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். முதுமையில் மூளை சுருங்கி மண்டைக்குள் இடம் கூடியிருப்பதால், தலையில் அடிபட்டு ரத்தம் சேர்வதுகூட நாள் கழித்தே வெளிப்படும். சர்க்கரை நோயில் உணர்விழந்த காலோடு நண்பகலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றியவர், மாலையில் வீட்டில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது என்று அறிவார். 1978-இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். அந்த அக்கறை விபத்துப் பிரிவுக்கும் வந்து சேர வேண்டும்.

அங்கே எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு ஒரு சான்று போதும். ஜப்பானில் ஊதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் உலகுக்கு அறிவித்த டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து, விபத்தில் ரத்தம் இழந்தவர்களின் உயிரைக் காக்கிறது என்று 2010-இல்தான் நிறுவப்பட்டது. அதை நிறுவிய ஆய்வில் 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,000-க்கு மேற்பட்ட நோயாளிகள். இந்திய மருத்துவமனைகளின் பங்கு அதில் பெரிது. கூட்டம் நெரியும் நம் விபத்துப் பிரிவுகளில் யாரோ ஒரு டியூட்டி டாக்டர் நேரம் பார்த்துப் படிவம் நிரப்பியதால் வந்த உண்மை அது.

உங்களில் பலர் மேற்படிப்புக்குப் போவீர்கள், ஆய்வேடு எழுதுவீர்கள். யாரைச் சேர்க்கவில்லை என்ற பகுதியில் "60 வயதுக்கு மேற்பட்டோர்" என்ற வரியைப் பழைய ஆய்வேடுகளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது பழக்கமாகிவிட்டது. அந்த வரியை அடித்துவிடுங்கள். இருந்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். உங்கள் ஆய்வுக்கான கேள்வியை உங்கள் வார்டிலிருந்தே எடுங்கள். தீக்காய வார்டுக்கு விரும்பி வருகிறவர்கள் குறைவு, வேலையோ மிக அதிகம். வாருங்கள்.