கேட்விக் குதிரைப் பந்தயத் திடல் (1891–1940)

லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை நகருக்குச் செல்லும் ரயில் பாதையில் ஏறத்தாழப் பாதி வழியில், மோல் என்னும் சிற்றாற்றை ஒட்டி அமைந்த கேட்விக்கை இன்று உலகம் ஒரு விமான நிலையமாகவே அறியும். ‘ஆடு’, ‘பண்ணை’ எனப் பொருள்படும் இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள் இணைந்து, 13ஆம் நூற்றாண்டிலேயே ஆவணத்தில் இடம்பெற்றுவிட்ட அப்பெயரைத் தமிழில் ஆட்டுப்பட்டி என்றே சொல்லிவிடலாம். அந்தப் பட்டிக்கும் இன்றைய ஓடுபாதைக்கும் இடையே அரை நூற்றாண்டுக் காலம் அங்கே குதிரைகள் ஓடின.

லண்டனின் சேரிங் கிராஸிலிருந்து பத்து மைலுக்குள் பந்தயம் நடத்துவதற்கு உரிமம் கட்டாயம் என 1879இல் சட்டம் வந்தது. அந்த எல்லைக்குள் அடங்கிய குரோய்டன் திடல் 1890இல் மூடப்பட, அதற்கு மாற்றாக 1891இல் கேட்விக் திடல் தொடங்கப்பட்டது. கூட்டம் வயல்வெளியைத் தேடி வர வேண்டுமானால் ரயில் வேண்டும். ஆகவே அதே ஆண்டில் பந்தய நாட்களுக்கென்றே தனி ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. சமதரையில் தடையின்றி ஓடும் ஓட்டம், வேலிகளையும் அகழிகளையும் தாண்டி நெடுந்தொலைவு ஓடும் ஸ்டீபிள்சேஸ் ஆகிய இரு வகைப் பந்தயங்களும் அங்கே நடைபெற்றன. ஒரு தேவாலயக் கோபுரத்தை அடையாளமாகக் கொண்டு, இடைப்பட்ட வேலி, ஓடை அனைத்தையும் தாண்டிக் குதிரை செலுத்திய பழைய வழக்கத்திலிருந்து பிறந்த பெயரே ஸ்டீபிள்சேஸ் என்பது.

முதல் உலகப் போரே கேட்விக்கைப் பந்தய வரலாற்றின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. ஸ்டீபிள்சேஸ்களில் தலையாயதான கிராண்ட் நேஷனல் நடக்கும் லிவர்பூலின் எயின்ட்ரீ திடலைப் போர்த்துறை எடுத்துக்கொண்டதால், 1916, 1917, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதற்கு ஈடான பந்தயம் கேட்விக்கில் நடத்தப்பட்டது. முதலாண்டு வெர்மூத் என்னும் குதிரை வென்றது. 1917இல் எல்லா வேலிகளையும் தாண்டி முன்னணியில் வந்த லைம்ராக் என்னும் குதிரை, தடை ஏதுமற்ற இறுதிப் புல்வெளியில், வெற்றிக் கம்பம் கண்ணெதிரே நிற்க, கால் இடறி விழுந்தது. பின்னால் வந்த பாலிமகாட் வென்றது. 1918இல் வென்றது பொயெத்லின்.

திடல் வேறு, வேலிகளும் எயின்ட்ரீ அளவுக்குக் கடினமானவையல்ல என்னும் காரணத்தால், பெரும்பாலான பட்டியல்கள் இம்மூன்றையும் கிராண்ட் நேஷனல் வரிசையில் சேர்ப்பதில்லை. ஆனால் அதே பொயெத்லின் மறு ஆண்டில் எயின்ட்ரீக்கே சென்று, சவாரியாளரும் சேணமும் சேர்ந்து 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ எடையைச் சுமந்து கிராண்ட் நேஷனலையும் வென்றது என்பதைக் கருதும்போது, கேட்விக்கின் வெற்றியைக் குறைந்த தரத்து வெற்றியென ஒதுக்குவது அக்குதிரைக்கும் அத்திடலுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

திடலுக்கு அருகிலேயே 1930இல் உரிமம் பெற்ற விமானத் தளம் ஒன்று உருவாகி, 1936இல் ‘தேன்கூடு’ எனப் பொருள்படும் ‘பீஹைவ்’ என்னும் வட்டவடிவ முனையத்தையும் பெற்றது. திடலை ஈன்ற அதே காரணங்கள், அதாவது சமநிலம், தலைநகரின் அண்மை, வாசலிலேயே ரயில் ஆகியவை, விமானத்துக்கும் பொருந்தின. இரண்டாம் உலகப் போர் 1940இல் பந்தயங்களை நிறுத்தியது. போர் முடிந்த பின்னும் குதிரைகள் திரும்பவில்லை. லண்டனின் இரண்டாவது விமான நிலையமாகக் கேட்விக்கை வளர்க்க அரசு முடிவெடுத்ததும் திடலின் நிலம் அதற்குள் அடங்கியது. புதிய நிலையத்தை 1958 ஜூன் 9 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார்.

திடலின் வாத்திய மேடை, அதாவது பக்கங்கள் திறந்து மேலே கூரை மட்டும் கொண்ட இசைக்குழு மேடை, அருகிலுள்ள கிராலி நகரின் குவீன்ஸ் ஸ்கொயருக்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் அந்நகரின் நினைவுப் பூங்காவில் மீண்டும் நிறுவப்பட்டது. பந்தய நாட்களில் மட்டும் திறந்த அந்தச் சிறு ரயில் நிலையம் இருந்த இடத்தில்தான் இன்றைய கேட்விக் விமான நிலைய ரயில் நிலையம் இருக்கிறது.